இடைக்குளிர்வி: பெரிது வாங்குமுன் ஒரு கணக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

வெப்ப இயக்கவியல் என்னும் பாடம் தேர்வுக்கு மட்டுமே உரியது என்று சென்ற ஆண்டு வரை எண்ணியிருந்தேன். சிலிண்டர், உந்து தண்டு, வெப்பமாறா மாற்றம் என்னும் சொற்களை மனப்பாடம் செய்து எழுதி, மதிப்பெண் பெற்று, மறந்துவிடுவது என் வழக்கம். அப்பாடம் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காருக்குள்ளேயே இருக்கிறது என்பதைக் கடந்த கோடையில்தான் உணர்ந்தேன். அந்த அனுபவத்தையும், அதன் வழியாகக் கற்ற அறிவியலையும் மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் தந்தை வாடகைக் கார் ஓட்டுபவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்தான். அவருடைய கார் டர்போ பொருத்திய டீசல் வண்டி. இன்னும் தவணை முடியவில்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வதே கோடைக் காலத்தில் முக்கியமான வருமானம். அந்த மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கடந்த மே மாதம் ஏழு பேருடன் ஏறும்போது, பாதி மலையிலேயே வண்டி திணற ஆரம்பித்தது. பின்னால் கரும்புகை வந்தது. இரண்டு பயணிகள் இறங்கி நடந்தார்கள். அன்றைய வாடகையில் பாதியைத்தான் கொடுத்தார்கள்.

பட்டறை ஒன்றில் காட்டியபோது, "இன்டர்கூலர் சின்னதா இருக்குதுங்க. பெருசு ஒண்ணு போட்டா வண்டி பறக்கும். பைப்பு, வேலை எல்லாம் சேர்த்து இருபத்தெட்டாயிரம் ஆகும்" என்றார்கள். அம்மா மகளிர் குழுவில் கடன் எடுக்க ஒப்புக்கொண்டார். அன்றிரவு சாப்பிடும்போது அப்பா என்னைப் பார்த்து, "ஏன் சாமி, நீ படிக்கிறதுல இதெல்லாம் வருதா? போட்டா நெசமாவே பலன் இருக்குமா?" என்று கேட்டார். அவர் என் படிப்பைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டர்போவும் வெப்பமும்

எந்திரத்தின் வலிமை, அது எவ்வளவு எரிபொருளை முழுமையாக எரிக்க முடியும் என்பதைப் பொறுத்தது. எரிபொருள் எரியக் காற்று தேவை. ஒரு கிராம் டீசல் முழுவதும் எரிய ஏறத்தாழ பதினான்கரை கிராம் காற்று வேண்டும். புகையில்லாமல் எரிய வேண்டுமானால் அதற்கும் மேலாகவே வேண்டும். எரிபொருளை எவ்வளவு வேண்டுமானாலும் தெளிக்கலாம். காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் கடினம்.

இரண்டு லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எந்திரம் நிமிடத்திற்கு 2,000 சுற்றுகள் சுற்றுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சு இழுக்கிறது. ஆகவே நிமிடத்திற்கு 2,000 லிட்டர் காற்று உள்ளே போகிறது. கோடை வெயிலில் அதன் எடை சுமார் 2.3 கிலோகிராம். எந்திரம் கேட்பது காற்றின் லிட்டரை அன்று, கிலோகிராமை. அதே 2,000 லிட்டருக்குள் அதிக கிலோகிராமைத் திணிக்க முடிந்தால், சிறிய எந்திரமே பெரிய எந்திரத்தின் வேலையைச் செய்யும்.

இத்திணிப்பைச் செய்வதே டர்போ. வீணாக வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. சிறிய டர்போக்களில் இந்த அச்சு நிமிடத்திற்கு ஒரு இலட்சம் சுற்றுகளுக்கும் மேலாகச் சுழலும்.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் அனைவரும் தொட்டுப் பார்த்திருக்கிறோம். காற்றை அமுக்கினால் அது சூடாகும். சூடானால் விரியும். விரிந்தால் அதே இடத்தில் குறைந்த எடைக் காற்றே அடங்கும். அதாவது, டர்போ ஒரு கையால் கொடுத்ததில் ஒரு பங்கை மறுகையால் எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்டதில் பெரும்பகுதியை மீட்டுத் தருவதற்காக, டர்போவுக்கும் எந்திரத்துக்கும் இடையே வைக்கப்படுவதே இடைக்குளிர்வி. பட்டறையில் இன்டர்கூலர் என்பார்கள். பார்ப்பதற்கு ரேடியேட்டரைப் போலவே இருக்கும். உள்ளே அமுக்கப்பட்ட சூடான காற்று. வெளியே, வண்டி ஓடும்போது முகத்தில் மோதும் குளிர்ந்த காற்று. இரண்டும் கலப்பதில்லை, வெப்பம் மட்டும் அலுமினிய இதழ்கள் வழியாகக் கைமாறுகிறது.

சிறிது வரலாறு

சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி, வெளியேறும் புகையின் ஆற்றலைக் கொண்டு காற்றை அமுக்கும் முறைக்கு 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அது நடைமுறையில் வெற்றி பெற இருபது ஆண்டுகள் ஆயின; 1920களில் கப்பல்களின் டீசல் எந்திரங்களில் அது பயன்பட்டது.

கார்களுக்கு வந்தது 1962இல். அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் என்னும் பெட்ரோல் கார் டர்போவுடன் விற்பனைக்கு வந்தது. அதில் இடைக்குளிர்வி இல்லை. சூடான காற்றால் பெட்ரோல் தானாகவே வெடித்துவிடாமல் இருக்க, தண்ணீரும் மெத்தில் ஆல்கஹாலும் கலந்த திரவத்தைத் தெளித்துக் குளிர்வித்தார்கள். அந்தத் திரவத்தை உரியவர் தொட்டியில் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிரப்ப மறந்தால் வலிமை குறைந்துவிடும்.

இடைக்குளிர்வியின் கதையில் பலரும் எடுத்துக்காட்டும் கார் ஜெர்மனியின் போர்ஷே 911 டர்போ. முதலில் வந்த 3.0 லிட்டர் எந்திரத்திற்கு இடைக்குளிர்வி கிடையாது. அதன் வலிமை 260 குதிரைத் திறன். 1978ஆம் ஆண்டு மாதிரியில் எந்திரத்தை 3.3 லிட்டராக்கி, இடைக்குளிர்வியையும் சேர்த்தார்கள். வலிமை 300 குதிரைத் திறன் ஆயிற்று. அந்தக் குளிர்வியை வைக்க இடமில்லாமல், பின்பக்கச் சிறகின் அடியில் வைத்தார்கள். அதற்காகச் சிறகின் வடிவமே மாறியது. இதில் ஒரு நுட்பம் உண்டு. வலிமை கூடியதற்குக் கொள்ளளவு கூடியதும் காரணம், குளிர்வியும் காரணம். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டு, ஒன்றுக்கு மட்டும் பெருமை சேர்க்கக் கூடாது. இந்த எச்சரிக்கை பின்னால் எங்களுக்கே தேவைப்பட்டது.

நான் போட்ட தவறான கணக்கு

இனிக் கணக்கிற்கு வருவோம். வெளிக்காற்று 35 பாகை சென்டிகிரேடு; அழுத்தம் ஒரு வளிமண்டலம். டர்போ அதை இரண்டு வளிமண்டல அழுத்தத்திற்கு அமுக்குவதாகக் கொள்வோம். வெப்பமாறா மாற்றத்தின் விதிப்படி, அழுத்தம் இரு மடங்கானால் தனிவெப்பநிலை 1.219 மடங்காகும். 35 பாகை என்பது 308 கெல்வின். ஆகவே 67 பாகை ஏற வேண்டும். ஆனால் எந்த டர்போவும் முழுத்திறமை உடையதன்று. திறமை 70 விழுக்காடு என்று கொண்டால் ஏற்றம் 96 பாகை. டர்போவை விட்டு வெளிவரும் காற்று 131 பாகை சென்டிகிரேடு. கொதிநீரைவிட அதிகச் சூடு!

இடைக்குளிர்வியின் திறனை ஒரு பின்னமாகக் கூறுவர். காற்று எவ்வளவு குளிர்ந்தது என்பதை, அதிகபட்சம் எவ்வளவு குளிர முடியும் என்பதால் வகுக்க வேண்டும். வெளிக்காற்றைவிடக் குளிர்வாக அது ஆக முடியாது. ஆகவே இங்கு அதிகபட்சம் 96 பாகை. பழைய குளிர்வியின் திறன் 60 விழுக்காடு என்றால் 58 பாகை குறைந்து, காற்று 73 பாகையில் எந்திரத்தை அடையும். புதிய பெரிய குளிர்வியின் திறன் 80 விழுக்காடு என்றால் 77 பாகை குறைந்து 54 பாகையில் அடையும்.

இதுவரை சரி. வாயு விதிப்படி அடர்த்தி வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் அல்லவா? நான் 73ஐ 54ஆல் வகுத்தேன். 1.35 என வந்தது. 35 விழுக்காடு அதிகக் காற்று! துள்ளிக் குதித்தேன். ஞாயிற்றுக்கிழமை இரவு அப்பாவிடம், "போடலாம்ப்பா, மூணுல ஒரு பங்கு பவர் கூடும்" என்று சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை முன்பணம் கொடுப்பதென்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை என் பெருமையைக் காட்டிக்கொள்ளவே அந்தத் தாளை எங்கள் பேராசிரியரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார். "ஏம்ப்பா, ஊட்டியில ஒரு நாள் காலையில பூஜ்யம் டிகிரி வந்தா, பூஜ்யத்தால வகுக்கணுமே, அப்போ அங்கே காற்றோட அடர்த்தி முடிவிலி ஆயிடுமா?"

அடுத்த நொடியே என் முகம் வெளுத்துவிட்டது. டர்போவின் கணக்கைக் கெல்வினில் போட்ட நான், குளிர்வியின் கணக்கைச் சென்டிகிரேடில் போட்டுவிட்டேன். வாயு விதியில் வரும் வெப்பநிலை தனிவெப்பநிலை. 73 பாகை என்பது 346 கெல்வின். 54 பாகை என்பது 327 கெல்வின். 346ஐ 327ஆல் வகுத்தால் 1.058. கிடைப்பது 35 விழுக்காடு அன்று. ஆறு விழுக்காடு கூட முழுதாக இல்லை. தேர்வில் இத்தவறு செய்தால் இரண்டு மதிப்பெண் போகும். இங்கே போகவிருந்தது அம்மா வாங்கவிருந்த கடன். அன்று மதியமே அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்: "நான் போட்ட கணக்கு தப்புப்பா. பணம் கொடுத்துடாதீங்க." அவர் கோபிப்பார் என்று பயந்தேன். "சரி சாமி, நல்லாப் பார்த்துச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

அழுத்த இழப்பு என்னும் மறைவான செலவு

அந்த ஆறு விழுக்காடாவது உறுதியா என்றால், அதுவும் இல்லை. குளிர்வியின் குறுகிய வழிகளில் புகுந்து வரும்போது காற்று தன் அழுத்தத்தில் சிறிது இழக்கிறது. எவ்வளவு நெருக்கமாக இதழ்கள் அமைந்துள்ளனவோ, அவ்வளவு நன்றாகக் குளிரும். அவ்வளவு அதிகமாக அழுத்தமும் குறையும். நான்கு நிலைகளைப் பார்ப்போம். வெளிக்காற்றின் அடர்த்தியை 1 என்று கொள்வோம்.

குளிர்வியே இல்லை: வெப்பநிலை 131 பாகை, அழுத்தம் 2.00, அடர்த்தி 1.52.

பழைய குளிர்வி: 73 பாகை, இழப்பு 0.05, அழுத்தம் 1.95, அடர்த்தி 1.74.

புதிய குளிர்வி, நல்ல தயாரிப்பு: 54 பாகை, இழப்பு 0.05, அழுத்தம் 1.95, அடர்த்தி 1.84.

புதிய குளிர்வி, மட்டமான தயாரிப்பு: 54 பாகை, இழப்பு 0.15, அழுத்தம் 1.85, அடர்த்தி 1.74.

கடைசி வரியை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டுகிறேன். 19 பாகை கூடுதலாகக் குளிர்வித்தும், கிடைத்தது பழைய அடர்த்தியே! குளிர்ச்சியால் வந்த இலாபத்தை அழுத்த இழப்பு விழுங்கிவிட்டது. தொட்டுப் பார்த்தால் குழாய் குளிர்ந்திருக்கும், வாங்கியவர் மகிழ்வார், எந்திரத்துக்கோ ஒன்றும் சேர்ந்திருக்காது. இன்றைய வண்டிகளில் அழுத்தத்தை எந்திரத்தின் வாயிலில் அளந்து, குறைந்ததை ஈடுகட்ட டர்போவை மேலும் வேகமாகச் சுழலச் செய்யும் ஏற்பாடு உண்டு. அப்போது அழுத்தம் சமமாகலாம். ஆனால் டர்போ கூடுதலாக உழைத்துக் காற்றை மேலும் சூடாக்கும். செலவு வேறு கணக்கில் எழுதப்படுகிறது, அவ்வளவே.

மற்றொன்றும் புலப்படுகிறது. குளிர்வியே இல்லாத நிலையிலிருந்து சாதாரணக் குளிர்விக்கு வரும்போது அடர்த்தி ஏறத்தாழ 14 விழுக்காடு கூடுகிறது. சாதாரணத்திலிருந்து சிறந்ததற்குப் போகும்போது ஆறு விழுக்காடே கூடுகிறது. முதல் அடியில்தான் பெரும்பயன். அடுத்த அடிகளில் பயன் குறைந்துகொண்டே போகும்.

பெட்ரோலும் டீசலும்

இங்கே ஒரு வேறுபாட்டை அறிதல் நலம். பெட்ரோல் எந்திரத்தில் சூடான காற்று வந்தால், பொறி பட்ட பின்பு எரியாமல் எஞ்சிய கலவை தானாக வெடிக்கத் தொடங்கும். 'நாக்கிங்' என்னும் அந்தத் தட்டல் உந்து தண்டையே உடைக்க வல்லது. அதைத் தவிர்க்கக் கட்டுப்பாட்டுக் கருவி பொறி தோன்றும் நேரத்தைத் தள்ளிப்போடும், வலிமை குறையும். ஆகவே பெட்ரோல் டர்போ வண்டியில் காற்றைக் குளிர்வித்தால் இரட்டை இலாபம்: அடர்த்தியும் கூடும், பொறியையும் உரிய நேரத்தில் விடலாம். பந்தயக் கார் ஓட்டுபவர்கள் பெரிய குளிர்விகளை நாடுவது இதனால்தான்.

டீசலில் பொறி இல்லை. அவ்வகைத் தட்டலும் இல்லை. வலிமையை முடிவு செய்வது தெளிக்கப்படும் டீசலின் அளவு. காற்றை மட்டும் கூட்டிவிட்டு டீசலைக் கூட்டாவிட்டால் வலிமை பெரிதாகக் கூடாது. எரிதல் முழுமையாகும், புகை குறையும், வெளியேறும் புகையின் சூடு தணியும், எந்திரத்தின் ஆயுளுக்கு நல்லது. அவ்வளவுதான். டீசலையும் கூட்ட வேண்டுமானால் கட்டுப்பாட்டுக் கருவியின் கணக்கை மாற்ற வேண்டும். அது கிளட்சுக்கும் கியருக்கும் சுமையாகும்.

ஆக, எங்கள் வண்டிக்குப் பெரிய குளிர்வி மருந்தன்று என்பது தெளிவாயிற்று. அப்படியானால் நோய் எது? சென்ற ஆண்டு அதே வண்டி, அதே குளிர்வியுடன், அதே மலையை ஏறியதே! ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 85 விழுக்காடே. ஆனால் மலை சென்ற ஆண்டும் அதே உயரம்தான். மாறியது வண்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

சோப்பு நீர்ச் சோதனை

எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம், வண்டியின் கணினியிலிருந்து அளவுகளைப் படிக்கும் கருவி இருந்தது. ஒரு விடியற்காலையில் அப்பா ஓட்ட, நாங்கள் இருவரும் பின்னால் அமர்ந்து, ஆறு மூட்டை மணலையும் ஏற்றிக்கொண்டு மலையேறினோம். வெளிக்காற்று 33 பாகை. எந்திர வாயிலில் காற்றின் சூடு 82 பாகை. அழுத்தம் வளிமண்டலத்திற்கு மேல் ஒரு மடங்கு இருக்க வேண்டிய இடத்தில், 0.6 மடங்குக்கு மேல் ஏறவேயில்லை. காலை ஊன்றி மிதித்தபோதெல்லாம் முன்புறத்திலிருந்து 'உஸ்' என்று ஓர் ஓசை வந்தது. "தம்பி, இது கூலர் சின்னதா இருக்கிற கோளாறு இல்ல. எங்கயோ காத்து போகுது" என்றார் அண்ணன்.

பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பார்கள் அல்லவா? அதே முறைதான். எந்திரத்தை நிறுத்திக் குளிரவிட்டு, டர்போவின் வாயை மரக்கட்டையாலும் ரப்பராலும் அடைத்து, அதன் வழியே 0.7 மடங்குக்கு மேற்படாமல் அளவாகக் காற்றுச் செலுத்தி, குழாய் முழுவதும் சோப்பு நீர் தெளித்தோம். குளிர்விக்குப் போகும் ரப்பர்க் குழாயின் அடிப்பக்கத்தில் நுரை பொங்கியது. இரும்புத் தாங்கியில் உரசி உரசி, விரல் நகத்தின் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அழுத்தம் இல்லாதபோது வாய் மூடியிருக்கும். மலையேறும்போது மட்டும் திறக்கும். அதனால்தான் முதலில் பார்த்தவர்கள் கண்ணில் படவில்லை போலும்.

கரும்புகையின் காரணமும் விளங்கிற்று. உள்ளே வரும் காற்றைக் கருவி டர்போவுக்கு முன்பே அளந்துவிடுகிறது. அளந்த காற்றில் ஒரு பகுதி வழியில் வெளியேறுவது அதற்குத் தெரியாது. முழுக் காற்றுக்கு உரிய டீசலைத் தெளிக்கிறது. காற்று குறைந்ததால் டீசல் அரைகுறையாக எரிந்து கரியாகிறது.

பிறகு குளிர்வியைக் கழற்றினோம். வெளி இதழ்களுக்கிடையே மண்ணும் செத்த பூச்சிகளும் களிமண் பூச்சுப் போல் அடைத்திருந்தன. மெல்லிய நீர்த்தாரையால் பின்புறமிருந்து கழுவினோம். வேகமாக அடித்தால் இதழ்கள் மடங்கிவிடும். உள்ளே சிறிது எண்ணெய்ப் பூச்சு இருந்தது. அது இயல்பே, கோப்பையில் ஊற்றும் அளவுக்கு இருந்தால்தான் டர்போவைச் சந்தேகிக்க வேண்டும் என்றார் அண்ணன். மண்ணெண்ணெய் ஊற்றி அலசி, ஒரு நாள் முழுவதும் வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தோம். இதில் அவசரம் கூடாது. உள்ளே தங்கிய எண்ணெயை டீசல் எந்திரம் இழுத்துக்கொண்டால் அதையே எரிபொருளாக்கி, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடிச் சிதையும் ஆபத்து உண்டு.

புதிய குழாய், இரண்டு கிளிப், கூலி, எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். மறுபடியும் அதே மணல் மூட்டைகளுடன், அதே மலை. வெளிக்காற்று அதே 33 பாகை. அழுத்தம் ஒரு மடங்கு ஏறியது. எந்திர வாயிலில் 60 பாகை. டர்போவை விட்டு வரும் காற்று கணக்குப்படி 129 பாகை; குறைந்தது 69; குறையக்கூடியது 96. ஆகவே 'சின்னது' என்று பழிக்கப்பட்ட அந்தக் குளிர்வியின் திறன் சுமார் 72 விழுக்காடு! இருபதாம் வளைவைத் திணறாமல் கடந்தபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது, தேநீர்க் கடையில் நிறுத்தி அண்ணனுக்கும் எனக்கும் பன் வாங்கிக் கொடுத்தார். கடைக்காரரிடம், "பையன் பிசிக்ஸ் படிக்கிறான்" என்று அவராகவே சொன்னார்.

மாற்றத்தான் வேண்டுமென்றால்

பெரிய குளிர்வி எப்போதும் வீண் என்பது என் கருத்தன்று. டர்போவையும் எரிபொருளையும் கூட்டியவர்களுக்கும், பெட்ரோல் டர்போவை நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓட்டுபவர்களுக்கும் அது தேவையே. அவர்கள் கருத வேண்டியவை சில:

1. முதலில் கசிவையும் அழுக்கையும் நீக்கி, இருப்பதன் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகே மாற்றம்.

2. தடிமனைவிட முகப்பரப்பு முக்கியம். தடித்த குளிர்வியின் பின்பகுதிக்கு, முன்பகுதியில் சூடேறிய காற்றே போய்ச் சேரும்.

3. ரேடியேட்டருக்கும் குளிர்சாதனத்தின் கண்டன்சருக்கும் வரும் காற்றை மறைக்கக் கூடாது. டர்போ காற்றைக் குளிர்வித்து, எந்திர நீரைக் கொதிக்கவிடுவது அறிவுடைமையாகாது.

4. குழாய்-இதழ் வகை எடை குறைந்தது. விரைவில் சூடு தணியும். பட்டை-தட்டு வகை கனமானது. திடீர் வெப்பத்தைச் சிறிது நேரம் தன்னுள் வாங்கிக்கொள்ளும், ஆனால் சூடேறிவிட்டால் ஆறவும் நேரமாகும்.

5. உட்கொள்ளளவு மிகுந்தால், மிதித்தவுடன் அழுத்தம் நிரம்ப நேரமாகும்; வண்டி தயங்கும்.

6. விற்பவரிடம் எவ்வளவு குளிரும் என்று மட்டும் கேட்காமல், எவ்வளவு காற்றோட்டத்தில் எவ்வளவு அழுத்தம் இழக்கும் என்றும் கேட்க வேண்டும்.

7. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை செய்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முடிவுரை

இதை எழுதும்போது ஓர் எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. நாங்கள் அந்த 28,000 ரூபாயைச் செலவழித்திருந்தாலும் வண்டி நன்றாகவே மலையேறியிருக்கும்! ஏனெனில் புதிய குளிர்வியோடு புதிய குழாயும் கிளிப்பும் வந்திருக்கும். வெடித்த குழாய் தானாகவே குப்பைக்குப் போயிருக்கும். நாங்களும் பெரிய குளிர்வியின் பெருமை என்று ஊரெல்லாம் சொல்லியிருப்போம். நாலு பேர் எங்கள் பேச்சைக் கேட்டுக் கடன் வாங்கியிருப்பார்கள். பலன் கிடைத்ததாலேயே காரணம் சரியென்று ஆகிவிடாது. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்று, மாற்றுமுன்னும் பின்னும் அளந்து பார் என்று ஆய்வகத்தில் ஆசிரியர்கள் வலியுறுத்துவது இதற்காகத்தான் என்று இப்போது புரிகிறது.

என் சென்டிகிரேடு தவற்றை மறைத்து இக்கட்டுரையை எழுதியிருக்கலாம். ஆனால் என்னைப் போலவே வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த நண்பர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். நம் பெற்றோர் நாம் சொல்வதைச் சரிபார்க்க இயலாதவர்கள். படித்தவன் சொல்கிறான் என்று நம்பிக் கடன் வாங்குபவர்கள். ஆகவே நாம் போடும் கணக்கை மற்றொருவரிடம் காட்டுவதில் வெட்கமில்லை, காட்டாமலிருப்பதே தவறு. அந்தத் தாளை வாங்கிப் பார்த்த பேராசிரியருக்கும், மணல் மூட்டை சுமந்த பட்டறை அண்ணனுக்கும் என் நன்றி உரியது.

அம்மா அந்தக் கடனை வாங்கவில்லை. அப்பா இப்போதும் மாதம் ஒருமுறை சோப்பு நீர் கரைக்கச் சொல்கிறார்.